பட்டில் வளர்ந்த எழுத்து

மாலை நாலே முக்கால் மணி. தொண்ணூற்றாறு டிசம்பர். நியூ ஜெர்சியில் அந்நேரத்துக்கே கும்மிருட்டு. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கைத் தாண்டி, இருபுறமும் சோளம் அறுத்த வயல்... வேறு ஒரு காரும் இல்லாத ரோடு.

நெருங்கி உட்காருங்கள். இது நம் சாந்தாமணியின் அண்ணனுக்கு நடந்தது.

அண்ணன் வாஞ்சிநாதன். மருந்துக் கம்பெனியில் வேலை. அன்று அவரும் மனைவி காமாக்ஷியும் ஒரு பண்ணை வீட்டில் இறந்தவர்களின் சாமான்களை விற்கிறார்கள் என்று போனார்கள். அங்கே ஒரு மரச்சட்டம். அனல் முகத்தில் அடிக்காமல் ஃபயர்ப்ளேஸ் முன்னால் நிறுத்துவது. இருநூறு வருஷத்துச் சாமான். நடுவில் பட்டுத்துணி, அந்த வீட்டுப் பெண் யாரோ தைத்த படம். ஒரு மரம், தலைகுனிந்து அழும் ஒருத்தி, ஒரு கல்லறை. கல்லறையில் பெயர் இல்லை. வெறும் வெள்ளைப் பட்டு.

"சாவுப் படம் வீட்டுக்கு எதுக்கு?"

"வொர்க்கைப் பாருங்க, எவ்ளோ ஃபைன்!"

வாங்கிவிட்டார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் வாஞ்சிநாதன் சீக்கிரம் வீடு திரும்பினார். லைட் இல்லை. ஈரக் கம்பளி வாடை. ஹாலில்... டிக். டிக். நூல் அறுபடுகிற சத்தம்.

ஸ்விட்சைப் போட்டார். சட்டத்தின் முன்னால் காமாக்ஷி. கையில் சின்னக் கத்தரிக்கோல். விரல் நுனியெல்லாம் ரத்தம்.

"என்ன பண்றே?"

"பிரிக்கிறேங்க."

"எதை?"

"உங்க பேரை."

கல்லறையில் கறுப்பு நூலில் மூன்று ஆங்கில எழுத்துகள் மிச்சம் இருந்தன. வி. ஏ. என்.

"ராத்திரில வளருது. பகல்ல பிரிச்சுடறேன். முழுசா வந்துடக் கூடாதுங்க."

அவர் நம்பவில்லை. வேலைக்குப் போக விசா இல்லாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்து, அவளே தைத்து அவளே பிரிக்கிறாள் என்று பயந்தார். சட்டத்தைத் தூக்கிக் காரில் போட்டார். அவள் கதவை மறித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னும் மூணு எழுத்துதாங்க... அதை மட்டும் பிரிச்சுடறேன்."

"எங்கயாவது ட்ராப் பண்ணிட்டு உடனே வந்துடறேம்மா."

அதே வயல் ரோட்டில் கார் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை... உயிரும் இல்லை. ஹார்ட் என்றார்கள். சட்டம் காரில் இல்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை, அப்போது அங்கேயே இருந்த சாந்தாமணிதான் வாங்கி வந்தாள். அண்ணனின் சட்டையை மடிக்கும்போது காலருக்குள் ஏதோ நெருடியது. சிவப்பு நூல். எறும்பு எறும்பாகக் குறுக்குத் தையல். அந்தக் காலத்தில் அங்கே பெண்கள் வீட்டுத் துணிகளில் இப்படித்தான் அடையாளம் தைப்பார்களாம். பெயரின் முதல் எழுத்து, பக்கத்தில் அது எத்தனையாவது துணி என்று ஓர் எண்.

எழுத்து, வி.

எண்... ஏழு.