மூணு கல்

எனக்குச் சைக்கிள் மிதிப்பது அவ்வளவாகப் பிடிக்காது. ஓடிப் பழகின காலுக்கு அது சோம்பேறி வேலை. ஆனால் முழங்கால் போனவனை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? பந்தயத்தில் ஓடுகிறவன் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு சைக்கிளில் போகச் சொன்னார்கள், போனேன். ஒன்பது வருஷம் கழித்து நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து அதைப் பற்றிப் பேசியதும், எழுதிக் கொடும் என்றீர்கள். எழுதுகிறேன். என் பெயர் ஐயாதுரை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை.

செத்துப்போன சோலைச்சாமியும் அதே மில்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். மைதானத்து ஓட்டக்காரன்; பத்தாயிரம் மீட்டர், அதாவது இருபத்தைந்து ரவுண்டு. முதலில் தூங்குமூஞ்சியாக எல்லாருக்கும் பின்னால் ஓடுவான். கடைசி மூன்று கிலோமீட்டர், ஏழரை ரவுண்டு இருக்கும்போது கிளம்புவான் பாருங்கள், அப்புறம் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. "ஏலே, சோலைக்கு ஏழரை ஆரம்பிச்சிருச்சு" என்று மில் ஆட்கள் சிரிப்பார்கள். அந்த ஏழரை பிடித்தது அவனை அல்ல, கூட ஓடுகிறவர்களை. உடம்பில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஓடிக் கோட்டைத் தாண்டியதும் அப்படியே விழுவான். ரவுண்டு எண்ணுவது அவனுக்கு வராது. நான் ஓரமாக நின்று எண்ணிச் சொல்வேன். நான் சொல்வதுதான் அவனுக்குக் கணக்கு.

மைதானம் அவனுக்கு, தார் ரோடு எனக்கு என்று இருந்தோம். எழுபத்தொன்பதில் மாரத்தானை இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிஷத்தில் ஓடினேன். மில் கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் அதைப் பெயிண்டில் எழுதி வைத்தார்கள். என் பெயர் எழுதியிருந்த இடம் உலகத்தில் இரண்டுதான்: ரேஷன் கார்டு, அந்தப் பலகை. ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எண்பத்தேழில் சோலை வந்தான். "அண்ணாச்சி, கால்ல வேகம் கொறையுது. பேசாம ரோட்டுக்கு வந்துரலாம்னு பாக்கேன். நீங்க கூட வந்தா எனக்குப் பயமில்ல."

"வாலே, அதுக்கென்ன" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சித்திரை மாதம், காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் பந்தயம். சோழபுரம் போய்த் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி, அதற்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் அடிவாரத்தில் முடிவு. மொத்தம் இருபத்தாறு மைலும் கொஞ்சமும். அது சோலைக்கு முதல் மாரத்தான். ஆனாலும் இரண்டாவது ஆளைக் கால் மணி நேரம் பின்னால் விட்டுவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கோயில் ரோட்டில் திரும்பும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். ஓட ஆரம்பித்து இரண்டு மணி இருபத்திரண்டு நிமிஷம். அதே நிதானத்தில் போனால் என் இரண்டு நாற்பத்து மூன்றை இரண்டு நிமிஷத்துக்கு மேல் முந்திவிடுவான்.

"இன்னும் எத்தன கல்லு அண்ணாச்சி?" என்றான்.

"மூணு கல்" என்றேன்.

எங்கள் பக்கம் பெரியவர்களுக்குக் கல் என்றால் மைல். மைல் கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டு எத்தனையோ வருஷமாகியும் நாங்கள் மாறவில்லை. சோலை வயதுக்காரர்களுக்குக் கல் என்றால் ரோட்டோரம் நிற்கிற கல்தான், கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம். அந்தக் கோயில் ரோட்டில் எண்ணிப் பார்க்க ஒரு கல்லும் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். மூணு கல் என்றதும் அவன் மனசில் ஏழரை ரவுண்டு ஓடும் என்பதும் தெரியும்.

கிளம்பிவிட்டான். சைக்கிளை எழுந்து நின்று மிதித்தும் பக்கத்தில் போக முடியவில்லை. வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. மூன்று கிலோமீட்டரையும் ஓடிவிட்டு முன்னால் பார்க்கிறான், கோயிலையும் காணோம், கூட்டத்தையும் காணோம். "கோயில் எங்க அண்ணாச்சி?" என்றான். மிதித்துக்கொண்டே இருந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் காலை இழுத்துக்கொண்டு போய், ஒரு மாந்தோப்பு வேலி ஓரமாக விழுந்தான். தோற்கட்டும் என்றுதான் நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை.

டிராக்டர் ஒன்றை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். உடம்பு கொதித்துக் கிடந்தது. "இன்னும் செத்த முன்னால கொண்டாந்திருக்கலாமேய்யா" என்று அங்கே ஒரு நர்ஸம்மா சொன்னார். மத்தியானம் போய்விட்டான். முதல் மாரத்தான், பழக்கமில்லாத தூரம், வெயில் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அதையே சொன்னேன்.

அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவிய கடைசியா என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

"உன் பேரத்தான்மா சொன்னான்" என்றேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறாள். திவசத்துக்கு வருஷா வருஷம் முதல் இலை எனக்குத்தான் போடுவாள். நானும் கூசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்த வருஷம் சோறு போட்டுவிட்டு, "அவியளக் கடைசி மட்டும் தனியா விடாம இருந்தீகளே, அது போதும் எனக்கு" என்றாள். இலையில் கை வைக்க முடியவில்லை. எழுந்து, பஸ் ஏறி, உங்களிடம் வந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். "கல்லுன்னா மைல்தானவே? எங்க அய்யாவும் அப்படித்தான் சொல்லுவாக. உம்ம மேல என்னன்னு கேஸ் போட? வீட்டுக்குப் போம்" என்றீர்கள். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருஷம் நானும் தூங்கினேன், பொய் சொல்லவில்லையே என்று.

வாசல்வரை வந்தவனிடம் நீங்கள் சும்மா ஒரு கேள்வி கேட்டீர்கள், விழுந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தீரா என்று. கொடுத்தேன். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

அவன் விழுந்தபோது பந்தயக் கணக்கில் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம். கண் திறந்திருந்தது. என் சைக்கிளைப் பார்த்துக் கையை நீட்டினான். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது. கோயிலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. அவனை எனக்குத் தெரியும். ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் எழுந்துவிடுவான். எழுந்தால் நொண்டிக்கொண்டாவது எட்டு நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது நிமிஷம் அவன் கை கீழே விழுந்தது. அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரியாக இரண்டு மணி நாற்பத்து மூன்று ஆனதும் பாட்டில் மூடியைத் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. அதையும் கேஸில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் அய்யா.