அண்ணாச்சி கிண்டிய புளிசாதம்

— காபி எல்லாம் வேண்டாம் சேனாபதி அண்ணாச்சி. பிஸ்கட்டவே ஊருலருந்து டிரைவ் பண்ணி வந்தது காபி குடிக்கதுக்கு இல்ல. அடுத்த வாரம் அட்லாண்டிக் சிட்டிக்கு வருவியளா மாட்டியளா, அத மட்டும் சொல்லுங்க.

— அதுதானுங்க போன்லயே சொல்லீட்டேன், ஜூலியட் அம்மணி. அது என்ற ஊட்டுக்காரி வசந்தாமணியோட ஆபீஸ் சமாச்சாரம். அவளே போயிச் சேந்துட்டா. எனக்கு அங்க என்னங்க வேல?

— ஆபீஸ் இல்ல அண்ணாச்சி. அசோசியேஷன்.

— எல்லாம் ஒண்ணுதானுங்க.

— ஒண்ணு இல்ல. அக்கா அவங்க காலேஜ் ஹாஸ்டல பாத்துக்கிட்டாவ, நான் எங்க காலேஜ் ஹாஸ்டல பாத்துக்கிடுதேன். கிளாஸ்ல நடக்கத புரொபசர் பாத்துக்கிடுவாரு. ஒருத்தன் குடிச்சுட்டு படியில கெடந்தாலும், ஒரு பிள்ள வீட்டுக்குப் போவணும்னு அழுதாலும், அது எங்க தலையில. அப்படி வேல பாக்கவங்க எல்லா காலேஜ்லருந்தும் மார்ச் மாசம் ஒண்ணா கூடுதோம். யாரு யாரத் தேத்துததுன்னு இல்ல, எல்லாருக்கும் அங்கதான் மூச்சு வரும்.

— தெரியுமுங்க. லீவு போட்டுட்டுப் போவாளே வருசா வருசம். கமிட்டிங்கறா, செஷனுங்கறா. கடசீல என்னாச்சு? ஆகஸ்ட்ல புள்ளைங்க மூட்ட முடிச்சோட ஹாஸ்டலுக்கு வந்து எறங்கற அன்னிக்கு, அங்கயே நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டா. அந்த வேலதானுங்க அவளக் கொண்டுட்டுப் போச்சு. அதுக்கு நான் வந்து கை தட்டோணுமாக்கும்.

— கை தட்ட கூப்பிடல. அசோசியேஷன்ல புதுசா சேந்தவங்களுக்கு வெள்ளிக்கிழம ஒரு சாப்பாடு உண்டு. இனிமே அதுக்கு அக்கா பேரு. வசந்தாமணி டின்னர். நீங்க வந்து எந்திரிச்சு நிக்கணும், அவ்வளவுதான்.

— எனக்கு பேச வராதுங்க.

— பேச வேண்டாம். முகத்த காட்டுங்க போதும். உங்க கைச் சோறு தின்னவங்க அத்தன பேரும் உங்கள ஒரு தடவ பாக்கணும்னு நிக்கிறாங்க.

— என்ற கைச் சோறா?

— ஆமா. புளிசாதம்.

— புளிசாதம்.

— என்னா அண்ணாச்சி, தெரியாத மாதிரி கேக்கிய?

— இல்லீங்க… அவ என்ன சொல்லுவா? அந்தப் புளிசாதத்தப் பத்தி?

— நான் மொதல்ல போன வருஷம், ஒருத்தர் முகமும் தெரியாது. தட்ட கையில வச்சுக்கிட்டு செவுத்தோரமா நின்னேன். அக்கா நேரா வந்து, "ஏனுங்க, நம்மூருங்களா?"ன்னாவ. கையப் பிடிச்சு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. அங்க அயர்ன் பண்ற பலகைய விரிச்சு, அதுமேல பெரிய அலுமினிய ட்ரே. என்ன மாதிரி தனியா வந்தவங்க ஒரு கூட்டமே கட்டில்ல, தரையில உக்காந்திருக்கு. வெள்ளக்காரி, கருப்பர், கொரியாக்காரப் பையன், எல்லாரும் பேப்பர் கப்புல புளிசாதம் தின்னுதாங்க. அக்கா சொன்னாவ, "என்ற வீட்டுக்காரரு விடியால எந்திரிச்சுக் கிண்டுனது. புதுசா வர்றவங்க தனியா சாப்படக் கூடாதுன்னு கட்டிக் குடுத்தாரு"ன்னு.

— அப்படியா சொன்னா?

— வருஷா வருஷம்.

— ம்… விடியால வீடே தாளிக்கற வாசமா இருக்கும். அது எனக்குத் தெரியுமுங்க. படுக்கையில படுத்துட்டு… சரி, உடுங்க.

— அப்பறம் அந்த போன். சாயங்காலம் செஷன் முடிஞ்சா அக்கா லாபி போன்ல உக்காந்துருவாவ. நாங்க எல்லாம் டின்னருக்குக் காத்துக் கெடப்போம். யாரு மனசு ஒடஞ்சு வந்தா, எந்தக் காலேஜ்ல எந்தப் பிள்ள செத்துப்போச்சு, யாரு யாருகூட சண்ட, எல்லாம் உங்ககிட்ட ஒப்பிச்சாத்தான் எந்திரிப்பாவ. அவ்வளவு நேரம் நீங்க என்னதான் பேசுவிய?

— நான் எங்கீங்க பேசறது. அவதான் பேசுவா. நான் கேட்டுட்டு இருப்பேன்.

— சரி, எந்திரிங்க. இந்த வருஷமும் அந்த ட்ரே போவணும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமதான, இப்பவே புளிக்காய்ச்சல் போட்டு வச்சிருவோம், ஒரு வாரம் கெடாது. நான் கூட நின்னு கிண்டுதேன். புளி எங்க வச்சிருக்கிய?

— புளியா? அந்த மேல கபோர்டுல இருக்கும்… இல்லீங்க, அது டம்ளரு. இதுல… இது அவ மாத்தர. இருங்க அம்மணி, இங்கதான் எங்கயாச்சும்…

— நல்லெண்ண?

— அதும் இங்கதான் இருக்கோணும்.

— அண்ணாச்சி, அடுப்பு மேல தபாலா அடுக்கி வச்சிருக்கிய.

— எடம் இல்லீங்க, அதனால.

— நாலு பர்னர்லயும்.

— நான் கோயில் கேன்டீன்ல சாப்புட்டுக்குவேனுங்க. வேலை நாள்ல பால்ல போட்டுத் திங்கற சீரியல். ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்பு.

— உக்காருங்க அண்ணாச்சி. தேட வேண்டாம்.

— இல்ல அம்மணி, இருக்கும். அவ எல்லாத்தையும் ஒழுங்காத்தான் வெச்சிருப்பா.

— உக்காருங்க.

— …உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?

— நான் ஒண்ணும் கேக்கலயே.

— கேக்காட்டியும் சொல்லோணும். இல்லீன்னா நீங்க மறுக்கா மறுக்கா வந்து கூப்புடுவீங்க. அந்த ஆளு நான் இல்லீங்க. அவ கெளம்பறதுக்கு ஒரு வாரம் முந்தியே நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன். வந்த பொறகும் ஒரு வாரம் பேசமாட்டேன். போனக் கூட எடுத்ததில்லீங்க. அவ பேசுனதெல்லாம் பேச்சப் பதிஞ்சு வெக்கற இந்த ஆன்சரிங் மெஷின்கிட்ட. நான் இதே சோபாவுல, இங்க, பக்கத்துல உக்காந்திருப்பேன். கை நீட்டுனா எட்டும். எடுக்கல.

— ஏன் அண்ணாச்சி?

— கோவமுங்க. கம்பெனிக்குப் போவேன், மருந்து டெஸ்ட் பண்ணுவேன், வீட்டுக்கு வருவேன். இந்த ஊருல எனக்குன்னு அவ ஒருத்திதான். அவளுக்கு அங்க ஒரு ஊரே இருந்துச்சு. மெஷின்ல அவ சிரிக்கறது கேக்கும், பின்னால நீங்கெல்லாம் "வசந்தா, வசந்தா"ன்னு கூப்புடறது கேக்கும். எம்முன்னால அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. அது பொறுக்கல எனக்கு. இப்ப அத்தன பேரு முன்னால, சமச்சுக் கட்டிக் குடுத்த புருசன்னு போயி நின்னா, அவ மூஞ்சிய நான் எப்படி நெனச்சுப் பாக்கறது?

— எனக்கு முன்னமே தெரியும் அண்ணாச்சி.

— என்னங்க?

— அந்த மொத வருஷத்துக்கு அப்பறம் அக்காவும் நானும்தான எப்பவும் ஒரே ரூம். ஒரு வருஷம் நான் எங்க வீட்டுக்காரரோட சண்ட போட்டுட்டு வந்து அழுதேன். அப்ப சொன்னாவ. அக்கா மொத வருஷம் போனப்ப டேபிள்ல ஒருத்தி கேட்டாளாம், இப்படி தனியா வந்திருக்கியே, புருஷன் ஒண்ணும் சொல்லலியான்னு. உங்கள விட்டுக்குடுக்க அக்காவுக்கு மனசு வரல. பையில தனக்குன்னு கட்டிட்டு வந்த சாதம் இருந்துச்சு. சட்டுன்னு எடுத்து வச்சு, "சொல்றதாவது, சமச்சே குடுத்து உட்டாரு"ன்னு சொல்லிட்டாவ. சொன்ன வார்த்தைக்காக அடுத்த வருஷம் ட்ரே நெறய கொண்டு வந்தாவ. அப்படியே பழகிப்போச்சு.

— தெரிஞ்சுட்டே எதுக்குங்க புளி எங்கன்னு கேட்டீங்க?

— அக்கா போன பெறகாவது அடுப்ப பத்த வச்சிருப்பியளோன்னு ஒரு ஆச.

— எல்லாருக்கும் தெரியுமுங்களா?

— எனக்கு மட்டும். உங்க மேல எனக்குக் கோவந்தான் வந்துச்சு. ஏன் அக்கா இப்படி பொய் சொல்லுதிய, அந்த மனுஷனுக்காகன்னு கேட்டேன். அக்கா பொய்யில்லன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தாவ.

— பொய்தானுங்களே. முழுப் பொய்.

— "மொத வருசம் நான் பேசப் பேச மெஷின் கட்டாயிடும் ஜூலி, பாதிக் கதையில நிக்கும்"ன்னாவ. "அடுத்த வருசம் போன் போட்டா, கட்டே ஆகல. பேசறேன், பேசறேன், ஓடீட்டே இருக்குது. ஊட்டுக்கு வந்து பாத்தா புது மெஷினு. எவ்வளவு நேரம் வேணாலும் பேசறது. கேக்காத மனுசன் எதுக்கு வாங்கி வெக்கறாரு?"

— அது பழசு ரிப்பேருங்க அம்மணி. அதனால மாத்துனது. வேற ஒண்ணுமில்ல.

— அக்காகிட்டயும் ரிப்பேருன்னுதான் சொன்னியளாம்.

— ரிப்பேருதானுங்க.

— பேஸ்மென்ட்ல கெடந்த பழச எடுத்து மாட்டிப் பாத்தாவளாம் அண்ணாச்சி. நல்லாத்தான் ஓடுச்சாம்.

— அந்தத் தபாலையெல்லாம் எடுத்து கீழ போடுங்க அம்மணி. புளிய எவ்வளவு நேரம் ஊற வெக்கோணும்?