பதினான்காம் பக்கத்தைக் கிழிப்பதா, விடுவதா?

அவையை நடத்தும் தலைவர் திரு. கேதீஸ்வரன் அவர்களே, அறைகளையும் அடுப்படிகளையும் அயல்நாட்டாருக்கு அகலத் திறந்துவிட்டிருக்கும் நல்லூர், திருநெல்வேலி விடுதிக்காரர்களே, வெயிலைப் பொருட்படுத்தாது வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நிகழ்ச்சி நிரலையே விசிறியாக்கிக்கொண்ட தாய்மார்களே, ரியூசன் வகுப்புக்குப் போகாமல் இங்கே ஒளித்திருக்கும் என் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோரையும் சிவகௌரியாகிய நான் கைகூப்பி வணங்குகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குழம்பிப்போய் நிற்கிறேன். ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவருக்குத் தெளிவு வேண்டும் என்பார்கள். என்னிடம் இன்று அது இல்லை.

மேசையில் சிவப்பு நாடா கட்டியிருக்கும் புத்தகக் கட்டைப் பாருங்கள். முதுகில் பையும் முகத்தில் வியர்வையுமாய் யாழ்ப்பாணம் வந்திறங்கும் இளம் பயணிகளுக்காக நான் ஆங்கிலத்தில் எழுதிய கைநூல். இன்று வெளியீடு. ஆனால் பதினான்காம் பக்கத்தைக் கிழித்தால்தான் வெளியிடலாம் என்கிறார் முன்வரிசையில் இருக்கும் கனகலிங்கம் மாமா. கிழிக்கக் கூடாது என்கிறார் அவருடைய தம்பி மனைவி இரத்தினம்மா மாமி. இருவரும் எனக்கு உறவு. நாடா வெட்டுமுன் தீர்ப்பை நான் சொல்ல வேண்டுமாம்.

எழுதத் தொடங்கியபோதே குழப்பம்தான், சபையோரே. கோயிலுக்குத் தோளை மூடிக்கொண்டு வாருங்கள் என்று எழுதினேன். அடுத்த வரியில், நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றுங்கள் என்று எழுதினேன். வாசித்த ஒருவர் எதை மூடுவது, எதைக் கழற்றுவது என்று கேட்டு என் வாசலில் நின்றார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், நண்பகலில் சைக்கிள் ஓடாதீர்கள், கீரிமலைக் கேணியில் குளிக்க ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்றெல்லாம் எழுதியதில் ஒரு வில்லங்கமும் இல்லை. வில்லங்கம் பதினான்காம் பக்கத்தில் வந்தது.

அதில் என்ன இருக்கிறது? தெருவோரம் பந்தலும் குருத்தோலைத் தோரணமும் கண்டால் தயங்காமல் உள்ளே போங்கள். எங்கள் மக்கள் எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. புறப்படும்போது வீட்டுக்கார அம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். மறுபடி வருவதானால் எந்த நாள் என்றும் சொல்லுங்கள். இவ்வளவுதான். இனிமையான யோசனை அல்லவா? இதிலே பிழை என்ன?

பிழை இருந்தது. மங்கலத் தோரணத்தின் மடிப்பு வேறு, துக்கத் தோரணத்தின் மடிப்பு வேறு. இங்கே பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். தெரிந்ததாலேயே எழுத மறந்துவிட்டேன்.

நாலு கிழமைக்கு முன் என் வீட்டு அறையில் மார்த்தா என்றொரு போலந்து நாட்டுப் பெண் தங்கியிருந்தாள். கைநூலைப் பரீட்சித்துப் பார்க்க அவளிடம் ஒரு பிரதி கொடுத்தேன். கீரிமலைக்குச் சைக்கிளில் புறப்பட்டவள், வழியில் ஒரு பந்தலைக் கண்டாள், தோரணத்தைக் கண்டாள், பறையொலி கேட்டாள். திருவிழா என்று நினைத்து உள்ளே வந்தாள். அது இரத்தினம்மா மாமியின் வீடு. அன்று கிடத்தப்பட்டிருந்தவர் மாமியின் கணவர் நமசிவாயம் மாமா. பெண்களோடு இருந்து அழுதுகொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தால், தொப்பியைக் கையில் பிடித்தபடி மார்த்தா நிற்கிறாள்.

பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் ஓடவில்லை. மாமிக்குப் பக்கத்தில் இருந்தாள், அழுதாள். அதுவரை எல்லாம் சரி. உடலைக் கொண்டுபோன பிறகு, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினோம். செத்த வீட்டில் யார் சொல்லிக்கொண்டு போகிறோம்? பேசாமல் எழும்புவோம், பேசாமல் வாசல் படலை கடப்போம். மார்த்தாவோ மாமியின் கையைப் பிடித்து, நான் சொல்லிக்கொடுத்த தமிழில், ஊர் கேட்கச் சொன்னாள்:

"அம்மா, போட்டு வாறன். ஞாயிறு வாறன்."

போய்வருகிறேன் என்று, அதுவும் நாள் குறித்து! பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுடலையிலிருந்து திரும்பி, நடந்ததைக் கேள்விப்பட்ட கனகலிங்கம் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உப்பிடியே பிள்ளை நீ படிப்பிச்சு விட்டனி? துக்கவீட்டிலை வாறன் எண்டு சொன்னால் இன்னொரு துக்கமும் வருமெண்டு உனக்குத் தெரியாதே?"

எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் போதும் போல இருந்தது. மார்த்தா நெடுந்தீவுக்குப் போனாள், திரும்பினாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மாமியிடம் போனாள். அவளுக்குத் தமிழில் ஆறு சொல் தெரியும்; மாமிக்கு ஆங்கிலத்தில் அதுவும் தெரியாது. பின்னேரம் வரைக்கும் இருந்தாளாம். மறுநாள் நாடு திரும்பிவிட்டாள்.

போன கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன் மாமி என்றேன். மாமி சொன்னார்:

"கிழிக்காதை பிள்ளை. சடங்குக்கு எல்லாரும் வந்தவை. என்னைப் பாக்க எண்டு வந்தது அந்தப் பிள்ளை ஒண்டுதான்."

சபையோரே, நான் இப்போது யார் பக்கம் நிற்பது? சொல்லாமல் எழும்புவது அன்பில்லாத பழக்கமா? அழுது களைத்தவளை எழும்பி வந்து வழியனுப்ப வைக்கக்கூடாது என்ற இரக்கம் அதில் இல்லையா? இருக்கிறது. அப்படியானால் மாமியின் மனம் சொன்னது பிழையா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. என்ன மாமா, தலையாட்டுகிறீர்கள். ஓம் என்றா, இல்லை என்றா? இங்கிருந்து விளங்கவில்லை.

பக்கத்தைக் கிழிக்க மாட்டேன். தோரண மடிப்பைப் பற்றியும், துக்க வீட்டில் பேசாமல் எழும்புவதைப் பற்றியும் இரண்டு வரி அச்சடித்து ஒட்டுகிறேன். வருகிறவர்களுக்கு அது போதும். இங்கேயே இருக்கிற எங்களுக்கு என்ன எழுதுவது? கடல் கடந்து வந்தவள் இரண்டு தரம் ஏறிய படியை, இருபது கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் நான், சடங்குக்கும் மன்னிப்புக்கும் அல்லாமல், மாமியைப் பார்க்கவென்று ஏன் மிதிக்கவில்லை? சாவுத் துடக்கு என்றேன். வகுப்பு என்றேன். வெயில் என்றேன். வெட்கமாக இருக்கிறது. வருகிற வியாழன் கீரிமலையில் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. நாமெல்லோரும் போவோம், முழுகுவோம், உண்போம், திரும்புவோம். வெள்ளிக்கிழமை மாமியின் வீட்டுக்கு யார் போவது? சனிக்கிழமை யார்? அதற்கடுத்த மாதம் யார்?

எந்த வழக்கம் சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போக வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. வாசலில் ஒரு வான் வண்டி பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பன்னிரண்டு பேர் இருந்து போகலாம். நாடா வெட்டியதும் நான் இரத்தினம்மா மாமியிடம் புறப்படுகிறேன்.

தலைவர் அவர்களே, குழம்பியவளின் பேச்சைப் பொறுமையோடு கேட்டமைக்கு நன்றி. தாய்மார்களே, பெரியோர்களே, கண்ணைத் துடைத்தவர்களுக்கும் கடிகாரம் பார்த்தவர்களுக்கும் என் வணக்கம். கனகலிங்கம் மாமா, ஏன் எழும்பிவிட்டீர்கள்? வானுக்கா? மெல்ல நடவுங்கோ மாமா, முன் இருக்கையை உங்களுக்குத்தான் விட்டு வைத்திருக்கிறேன்.