சிறகுக்கு அடியில்

குளிரைக்கூடக் கோழி தாங்கிவிடும், ஏட்டையா. ஈரத்தைத்தான் தாங்காது. கார்த்திகை பிறந்துவிட்டால் கூட்டில் வைக்கோலைத் தினமும் மாற்ற வேண்டும். வாடைக்காற்று வரும் பக்கம் சாக்கைத் தொங்கவிட வேண்டும். அப்படித்தான் ஏழு கோழிகளை வளர்த்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. "ஒன் கோழியாச்சும் முட்டை போடுதே" என்பார் என் வீட்டுக்காரர் குழந்தைசாமி. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

பிறகு பொன்னுத்தாயைக் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல பெண். என்னை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

போன கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை. கோழிகள் சிறகைச் சிலுப்பிக்கொண்டு நடுங்கின. மனசு கேட்கவில்லை. கூட்டுக்குள் கரிக்கங்குச் சட்டியை வைத்து, சந்தெல்லாம் சாக்கால் அடைத்தேன். விடிந்து பார்த்தால் ஏழும் செத்துக் கிடந்தன. காயமில்லை. கொண்டைகள் மட்டும் எப்போதையும்விடச் சிவப்பாக இருந்தன. குஞ்சு பொரித்திருந்த அடைக்கோழியின் சிறகைத் தூக்கினேன். அடியில் இரண்டு குஞ்சுகள் உயிரோடு கத்தின.

தாயின் அணைப்பில் இருப்பதைக் கங்கு ஒன்றும் செய்யாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இந்தக் கார்த்திகையில் பொன்னுத்தாய்க்கு ஆண் பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் என் வீட்டுக்காரர் சொன்னார்: "தொட்டில் போட்டதும் நீ கொடும்பாளூருக்குப் போயிரு, செவந்தி. ஒன் அண்ணன்கிட்ட பேசிட்டேன்."

அண்ணன் வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? மாடு கட்டும் இடத்தில் ஒரு பாய் கிடைக்கும். பதினாறு வருஷம் என் கையால் மெழுகிய வீடு, ஏட்டையா. தாயில்லாத பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்தால் என்னை யாரும் அனுப்ப மாட்டார்கள். எவ்வளவு யோசித்தும் வேறு வழி தெரியவில்லை.

பதினோராம் நாள் அவர் கறம்பக்குடிச் சந்தைக்குப் போனார். வெளியே சாரல். யுத்தத்தால் கம்பளி எங்கும் கிடைக்கவில்லை, கரி கிடைத்தது. மத்தியானச் சோறு கொடுத்துவிட்டு, பிள்ளை பெற்றவள் படுத்திருந்த அறைக்குள் கங்குச் சட்டியை வைத்தேன்.

"இம்புட்டுக் கங்கா, அக்கா?"

"பச்ச ஒடம்பு. குளிர் ஆகாதுடி."

"நீங்களும் இங்கிட்டே படுங்க. நனைஞ்சு காச்சல்ல விழுந்தா ஒங்களை யாரு பாக்குறது?"

"கோழிக்கு வைக்கோல் மாத்தணும்" என்றேன். அந்த இரண்டு குஞ்சுகளும் இப்போது பெரிய கோழிகள்.

பிள்ளையை எடுத்து அவள் மார்போடு வைத்தேன். "நல்லா அணைச்சுக்கடி" என்று இரண்டு தடவை சொன்னேன். கதவைச் சாத்தினேன். வெளியே போய், சன்னலைச் சாக்கால் அடைத்தேன். பிறகு கூட்டில் வைக்கோலை மாற்றினேன்.

சாயங்காலம் மருத்துவச்சி மூக்காயி பிள்ளையைக் குளிப்பாட்ட வந்தாள். கதவைத் திறந்து அவள் போட்ட சத்தத்தில் ஓடினேன். பொன்னுத்தாயின் உதடுகள் சிவந்திருந்தன. அது எனக்கு ஆச்சரியமில்லை. பிள்ளையைத்தான் தேடினேன். அவள் கை தளர்ந்து, பிள்ளை ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அதன் உதடுகளும் சிவந்திருந்தன.

பொன்னுத்தாயைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையை மட்டும் என் பேரில் எழுதாதீர்கள், ஏட்டையா. நான் அத்தனை தடவை சொல்லியும் அவள்தான் சரியாக அணைத்துக்கொள்ளவில்லை.