மேனேஜர் சோற்றில் மண்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பக் காத்திருந்தோம். என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள்:

"போன மாசம் குவாரி மேனேஜர் சோத்துல மண்ணப் போட்டோம்க்கா."

"அடிப்பாவி, அந்தாளு வேலைக்கே வேட்டு வெச்சிட்டீங்களா?"

"இல்லக்கா, நெஜமாவே மண்ணுதான். எங்க தெருவுக்குப் பக்கத்துலயே கல்லு அரைச்ச கழிவ மலையாட்டம் கொட்டி வெச்சிக்கிறாங்க. காத்து அடிச்சா தூசி மொத்தமும் எங்க வூட்டுக்குள்ளதான். எம் பொண்ணு இருமிக்கினே இருந்தா. மேனேஜராண்ட போய்ச் சொன்னா, 'தூசியா, எங்க இருக்குதும்மா?'ன்றான்."

"அப்புறம்?"

"பொண்ணு காதுகுத்துக்குக் கூப்ட்டேன். வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்தான். அந்த மேட்டுக்கு எதுக்கவே பந்தி போட்டோம். எலையில சோறு வெச்சதும் வந்துச்சி பாரு காத்து."

"சாப்ட்டானா?"

"சுத்தி தெருவே ஒக்காந்து சாப்புடுது, எப்படி எழுந்திருப்பான்? எங்களுக்குப் பழக்கம். அவன் நறநறன்னு மென்னு முழுங்கினான். நான் வேற, 'கூச்சப்படாம சாப்புடுங்க சார்'னு இன்னொரு கரண்டி வெச்சேன்."

நடத்துநர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மறுநாளே தண்ணி லாரி வந்துச்சி. மேட்டு மேல தார்ப்பாயும் போட்டு மூடிட்டாங்க. பொண்ணு இப்ப நிம்மதியாத் தூங்குறா."

"எத்தினி நாளைக்குத் தண்ணி ஊத்துவான்?"

"நிறுத்தட்டும்க்கா. அடுத்த விசேஷத்துக்குக் குடும்பத்தோட கூப்புடுவோம்."