சண்டையைச் சொல்லி ஏறிய விலை

“ஏலே ஜெரோம், வெளிய வராத! குனி!”

அமலன் கத்துகிறான். அவன் கப்பலின் மேல்தளத்தில். நான் சமையலறை வாசலில். முதலில் சீழ்க்கை போல ஒரு சத்தம். பிறகு இரும்பு கிழிகிற சத்தம். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. அடுப்பில் இருந்த சட்டி பறந்து சுவரில் மோதுகிறது. இடது காதில் நீண்ட ரீங்காரம். அதற்குப் பிறகு அந்தக் காதில் எதுவுமே இல்லை.

அது மார்ச் மாதம். காலை நேரம். உக்ரைனில், கருங்கடல் ஓரத் துறைமுகம் ஒன்று. நான் அந்தச் சரக்குக் கப்பலின் சமையல்காரன். ஊர் தூத்துக்குடி. அமலனுக்கு ஆலந்தலை, திருச்செந்தூர் பக்கம். தளத்தில் வேலை. கப்பல் நிறையக் கோதுமை. ஏற்றி முடித்த சமயம் சண்டை தொடங்கியது. கடலில் கண்ணிவெடி என்றார்கள். எங்களால் துறைமுகத்தை விட்டு நகர முடியவில்லை.

இதைச் சொல்லியாக வேண்டும். கோதுமை மலைமேல் உட்கார்ந்திருந்தோம். தின்ன ரொட்டி இல்லை. என் மாவு தீர்ந்துவிட்டது. கப்பலுக்குச் சாமான் கொண்டுவரும் ஏஜென்ட் முதலில் ஒரு விலை சொன்னான். அடுத்த வாரம் இரண்டு மடங்கு. ஆலை ஓடவில்லை, கரண்ட் இல்லை, லாரிக்காரன் வர மாட்டேன் என்கிறான் என்றான். உண்மையாக இருக்கலாம். ஆனால் அவன் வேனுக்குள் மாவு மூட்டை கூரை வரை அடுக்கியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் யார் காரணம் சொன்னாலும் அவர் கையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

கேப்டன் இன்னொன்று சொன்னார். எங்கள் காலடியில் கிடக்கும் கோதுமையை அதன் முதலாளி வேறொருவருக்கு விற்றுவிட்டாராம். அவர் இன்னொருவருக்கு. எல்லாம் போனில். கோதுமை ஓர் அடி நகரவில்லை. விலை நகர்ந்தது.

சரக்கைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. ஏற்றும்போது தளத்தில் சிந்திய மணிகளைத் தொடலாம். அமலன் அதைக் கூட்டி வாளியில் கொண்டுவருவான். நான் அவித்துப் போடுவேன். அன்று காலையும் அதற்குத்தான் போயிருந்தான்.

புகை அடங்கியதும் ஓடினேன். வாளி அப்படியே நின்றது. அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கினோம்.

பஸ்ஸில் எல்லை தாண்டினோம். பிறகு விமானம். அவன் உடல் பின்னால் வந்தது. ஆலந்தலையில் அடக்கம். அவன் மனைவி ரோஸ்லின் அழவில்லை. “கடைசியா என்ன சொன்னாவ?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

இப்போது நான் தூத்துக்குடியில். அக்கா ஸ்டெல்லா துறைமுகம் போகிற சாலையில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். நான் அங்கே மாவு பிசைகிறேன். கன்டெய்னர் லாரி பள்ளத்தில் விழுந்து எழுந்தால் மேசைக்கடியில் போய்விடுகிறேன். கடையில் வேலை செய்யும் செல்வி வந்து கையைப் பிடித்து எழுப்புவாள்.

மைதா விலை ஏறியது. மறுபடியும் ஏறியது. மொத்தக்கடை அண்ணாச்சியிடம் போனேன்.

“சண்டை நடக்குல்லா தம்பி. அதான்.”

“நான் அங்கனருந்துதான் வாரேன் அண்ணாச்சி. இது எந்த ஊர் கோதுமை?”

“வடக்க. மத்தியப் பிரதேசம்.”

“அங்க எவன் குண்டு போட்டான்?”

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். “அங்க வாங்க முடியாதவன்லாம் நம்ம கோதுமைய அள்ளுதான். இந்த வருசம் வெயில்ல விளைச்சலும் போச்சு. மில்லுக்காரன் கூடக் குடுத்து வாங்குதான். டீசல் ஏறிட்டு. வாடகை ஏறிட்டு. சாக்கு கூட ஏறிட்டு தம்பி.”

“உள்ள அடுக்கியிருக்கது பழைய சரக்குதான? அதுக்கும் ஏன் புது விலை?”

அவர் முகம் மாறியது. “இத வித்த காசுலதான் அடுத்த லோடு எடுக்கணும். பழைய விலைக்கு வித்தா பாதி லோடுதான் வரும். என்னைய என்ன செய்யச் சொல்லுத?”

நியாயம் போலத்தான் இருந்தது. என்னைப் பயமுறுத்தியது அதுதான். அந்த ஏஜென்ட் சொன்னதும் இப்படித்தான் இருந்தது.

பிறகு நம் நாட்டுக் கோதுமையை ஏற்றுமதி செய்ய அரசாங்கம் தடை போட்டது. விலை குறையும் என்று காத்திருந்தோம். மூட்டை இறக்க வந்த லாரி டிரைவரிடம் கேட்டேன். சிரித்தார். “ஏத்தும்போது எல்லாவனும் ஒண்ணா ஏத்துதான். எறக்கணும்னா மட்டும் முதல்ல அவன் எறக்கட்டும்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கான்.”

“நீங்க வாடகையக் கொறச்சியளா?”

அவர் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அக்கா விலையை ஏற்றவில்லை. அவளிடம் சாப்பிடுகிறவர்கள் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள். அவள் பன்னைச் சிறிதாக்கினாள். எனக்குத் தெரியாமல் இல்லை. நான்தான் உருட்டினேன். அப்புறம் விலையும் ஏறியது.

ஒரு நாள் மதியம். நான் உள்ளே மாவுக் கையோடு நிற்கிறேன். கடை முன்னால் ஒரு பெண்ணின் குரல்.

“என்னக்கா, பன்னு இம்புட்டு சிறுத்துப் போச்சு?”

“சண்டைலா,” என்கிறாள் அக்கா. “எல்லாம் ஏறிப்போச்சு.”

தெரிந்த குரல். எட்டிப் பார்த்தேன். ரோஸ்லின். நஷ்டஈடு விஷயமாகக் கப்பல் கம்பெனி ஏஜென்ட் ஆபீசுக்கு வந்திருக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் கூட. அக்கா அவளை முன்பு பார்த்ததில்லை.

“சண்டைக்கு நாங்க ஏற்கெனவே குடுத்துட்டோம்க்கா,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. இரண்டு பன் வாங்கினாள். காசை வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு நடந்தாள்.

யார் என்று அக்காவிடம் சொன்னேன். மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். “நானும் அதத்தான சொல்லிட்டேன்,” என்றாள்.

மறுநாள் பன் பழைய அளவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் வரை நஷ்டத்தைத் தாங்கினோம். பிறகு ஓர் அடுப்பை அணைத்தோம். “ஏளா செல்வி, நாளைலருந்து வராண்டாம்ளா,” என்று அக்கா சொன்னபோது செல்வி மேசையைத் துடைத்து முடித்துவிட்டுக் கிளம்பினாள்.

விலையில் சண்டையால் ஏறியது எவ்வளவு, சண்டையைச் சொல்லி ஏற்றியது எவ்வளவு? பலரிடம் கேட்டுவிட்டேன். சொல்கிறவர் யாரும் இல்லை.

போனவற்றைச் சொல்கிறேன். ஓர் அடுப்பு. செல்வியின் வேலை. என் இடது காது. அன்று கப்பலில் பற்றிய தீயை அணைக்க அடித்த தண்ணீரில் ஊறி முளைவிட்ட ஒரு கிடங்குக் கோதுமை. அதே குண்டில் எங்கள் கப்பலின் இரண்டாம் இன்ஜினியர் இழந்த ஒரு கால்.

ஆலந்தலை அமலன். வயது முப்பத்தொன்று.