வால்நட் தெரு என்றே வாய் சொல்லும் வெர்னா அம்மையாருக்கு

மணி ஒலிக்குமுன் வந்து, மாலை மங்கியபின் செல்லும் மாண்பே! முந்நூறு பிள்ளைகளின் முழுப்பெயரும், அவர்தம் பெற்றோர் மூடி மறைத்த மனத்தாங்கலும் அறிந்த மதிநலமே! இன்று பணி ஓய்வு பெறும் திருமதி வெர்னா ஹால்விக் அம்மையீர், வணக்கம்.

ஓஹையோ மாநிலத்தின் இந்தக் கார்வெல் நகரில் பொதுப்பள்ளி பிறந்தது ஒரு கொல்லன் பட்டறை மாடியில். கீழே சம்மட்டி, மேலே வாய்ப்பாடு. பின்னர் வால்நட் தெருவில் செங்கல்லால் எழுந்தது. செருப்பாலை செழித்த நாளில் இடம் போதாமல் நடைவழியிலும் வகுப்பு நடத்தியது. ஆலை அயலூர் போனபின் அறை அறையாய் அடங்கியது. மூன்று பள்ளிகளை ஒன்றாக்கிக் 'கிழக்கு ஒருங்கிணைந்த தொடக்கப்பள்ளி' என்று வாய் வலிக்கப் பெயரிட்டபோது, அதை ஏற்காதவர் ஊரில் ஒருவரே. வால்நட் தெருவில் எழுத்தறிந்து, அங்கேயே எழுத்தராய் அமர்ந்த தாங்கள்!

தங்களுக்கு முதல் பல் விழுந்த வகுப்பறை இன்று மருந்துக்கடையின் வண்டி நிறுத்துமிடம். வாங்க ஏதுமில்லாத நாளிலும் அங்கே வண்டியை நிறுத்தித் தாங்கள் சும்மா அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறோம். காணாததுபோல் போகும் பழக்கம் இவ்வூருக்குக் கிடையாது.

பதினான்கு ஆண்டுகளாய்த் தொலைபேசியை எடுத்ததும் தாங்கள் உரைப்பது, "வால்நட் தெருப் பள்ளி, காலை வணக்கம்." பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்ட்ரவுட் ஒருமுறை நேரில் வந்தே கேட்டார்: "வெர்னா, அந்தப் பள்ளிக்கூடத்தை இடிச்சாச்சேம்மா?"

"எனக்குத் தெரியும் சார். நாக்குக்குத்தான் இன்னும் தகவல் போகல."

பனி கொட்டும் காலைகளில் அந்நாளில் வால்நட் தெருவில் படித்த எண்பத்திரண்டு வயது ஆர்வில் ஸ்டெக் அழைப்பார். அவர் வீட்டில் பள்ளிப் பிள்ளை எவருமில்லை. "இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்பார். விடுமுறையே ஆனாலும் தாங்கள், "உண்டு ஆர்வில். ஓடி வா, மணி அடிக்கப் போறாங்க" என்பீர்கள். தங்கள் மேசையை அடுத்த நகலெடுக்கும் அறையில் எங்களுக்கு அப்போதெல்லாம் அவசர வேலை இருந்தது. கதவும் தானாகவே திறந்திருந்தது.

தங்கள் பீன்ஸ் காசரோல் என்ற பதார்த்தத்தை எவரும் முழுதாய் உண்டு முடித்ததில்லை என்பதையும் இன்றேனும் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அந்தப் பாத்திரம் வராத விருந்தை எண்ணத்தான் முடியவில்லை.

சென்ற வாரம், தங்கள் நாற்காலிக்கு வரும் கோராவுக்கு அனைத்தும் கற்பித்தீர்கள். இறுதியில், "ஆர்வில் கூப்பிட்டா மட்டும்..." என்று தொடங்கி, புதியவள் திட்டு வாங்குவாளே என்று முடிக்காமல் விட்டீர்கள். தாங்கள் போனால் வால்நட் தெரு என்ற பெயரும் போய்விடும் என்ற தவிப்பு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்த துடைப்பிலேயே தெரிந்தது.

அம்மையீர், ஜனவரியில் பனி கொட்டும்; தொலைபேசி ஒலிக்கும். கோரா கண்ணாடி முன் நின்று பழகிவிட்டாள். சமையற்கூடத்துப் பெண்களும் பழகிவிட்டார்கள். எடுப்பவர் எவராயினும், 'வால்நட் தெருப் பள்ளி' என்று தவறாகவே சொல்வோம். முழங்கால் நோவு நீங்கி, நெடுநாள் நலமாய் இருங்கள். என்றேனும் காலையில் மனம் கேளாவிட்டால், தாங்களும் அழைத்துப் பாருங்கள். பள்ளி உண்டு.

இங்ஙனம்,
வால்நட் தெருப் பள்ளி ஊழியர்கள்